கேட்காமலே சொன்னவை

பெப். 9, திங்கள்

விடியப் பனி. கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை காயவே இல்லை. இஸ்திரிப் பெட்டியால் காயவைத்துப் போட்டு அனுப்பினேன், கழுத்துப் பக்கம் இன்னும் ஈரம். மகள் வர்ணி முதலாம் ஆண்டு தொடங்கிக் கொஞ்ச நாள்தான். அதற்குள் ஒரு பட்டன் போய்விட்டது.

செய்ய: பட்டன். கொப்பிக்கு உறை, பழுப்புத்தாள் மூன்று. மாமியின் கிளினிக் கொப்பி தேட. தவத்தின் காலுக்குப் பூசுகிற எண்ணெய் முடிந்தது.

பின்னேரம் ஆறரைக்கு ஒரு அழைப்பு. நீள இலக்கம், வெளிநாடு. இப்படி வருவதை நான் எடுப்பதில்லை. ஒருமுறை எடுத்தபோது ஒரு ஆண் குரல், தனியவோ இருக்கிறியள் என்று கேட்டது. அதோடு விட்டேன். இன்று உறை போட்ட பசைக் கையோடு எங்கேயோ அழுத்தப்பட்டுவிட்டது.

வயதான பெண் குரல். கனடாவிலிருந்தாம். பெயர் மனோன்மணி.

"பிள்ளைக்கு ஒப்பரேசன் முடிஞ்சுதோ மகள்?"

எந்தப் பிள்ளை என்று கேட்டேன்.

"உங்கட பிள்ளைதான். இதயத்தில ஓட்டை எண்டு போட்டிருந்தீங்கள். கௌசல்யாதானே கதைக்கிறது?"

என் பெயர். கட் பண்ணிவிட்டேன். பசை காய்ந்து விரலெல்லாம் தாள். வர்ணி பக்கத்தில் இருந்து 'அம்மா' என்று ஐந்து வரி எழுதிக்கொண்டிருந்தாள்.

என் மனுசன் தவத்துக்குச் சொல்லவில்லை. ஆலையில் நெல் வந்து குவிகிற நேரம், களைத்து வந்து படுத்துவிட்டார்.

பெப். 10, செவ்வாய்

நித்திரை இல்லை. காலையில் வட்ஸ்அப்பில் அதே இலக்கத்திலிருந்து ஒரு படமும் இரண்டு வரியும். "இதைத்தான் மகள் பாத்தனான். பிழை எண்டா குறை நினைக்காதேங்கோ."

திறக்காமல் அரை மணித்தியாலம் வைத்திருந்தேன். தெரியாதவர் அனுப்பியதைத் திறக்கக் கூடாது என்று வவுனியாவில் படித்த இரண்டு வருடத்தில் எத்தனை தரம் எழுதியிருப்பேன். கணினிப் பாடத்துக்கு ஏ எடுத்தவள் நான். பிறகு திறந்தேன்.

நான்தான். மடியில் வர்ணி, ஏழு மாதம், மஞ்சள் சட்டை. பின்னால் கூரைக்குக் கட்டிய கிழிந்த தறப்பாள். என் முகம் அழுகையில் கோணிப்போய்.

கீழே கதை. குழந்தைக்கு இதயத்தில் ஓட்டையாம். கொழும்பில் ஒப்பரேசனாம். நாட்கள் எண்ணப்படுகின்றனவாம். உதவி அனுப்ப ஒரு கணக்கு, பெயர் யாரோ. கருணை உள்ளவர்கள் பகிரவும். பகிர்ந்திருக்கிறார்கள். நிறையப் பேர் கைகூப்பிய படம் போட்டிருக்கிறார்கள். ஒருவர் "ஆத்மா சாந்தியடையட்டும்" என்றே எழுதிவிட்டார்.

அந்த வரியைப் பார்த்துவிட்டுப் போய் வர்ணியின் பாயைச் சுருட்டி வைத்தேன். தலையணையில் அவளுடைய தலைமயிர் இரண்டு. ஏன் அதை எடுத்து வைத்தேன் என்று தெரியாது.

எங்கிருந்து எடுத்தது என்று தெரியும். சுரேனின் வீடியோ. ஐந்தரை வருடத்துக்கு முந்தியது. தவத்தின் கால் நெல் சூடடிக்கிற மெசினில் அடிபட்டு, கிணறு வற்றி, அடுத்த வீட்டுத் தண்ணீருக்கு நான் பிள்ளையோடு நடந்த காலம். சுரேன் அப்போது ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு போனுமாக வீடு வீடாகப் போய் உதவி வீடியோ எடுப்பான். எடுத்து யூடியூபில் போடுவான், வெளிநாட்டில் பார்த்தவர்கள் உதவுவார்கள். எங்களுக்குக் கிணறு வந்தது. ஆழமாக்கி, கட்டுக் கட்டி, தந்த குடும்பத்தின் பெயரைப் பளிங்கில் பதித்தார்கள். இன்றைக்கும் அந்தத் தண்ணீர்தான்.

அந்த வீடியோவை நான் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை.

பொய்ப் பதிவை முறைப்பாடு செய்தேன். "பரிசீலிக்கிறோம்" என்று வந்தது.

பட்டன் தைக்கவில்லை. ஊசி குத்திவிட்டேன்.

பெப். 11, புதன்

பகல் வெயில், காற்று. ரோட்டில் நெல் காயப் போட்டிருக்கிறார்கள். பஸ் ஒரு பக்கத்தால் ஊர்ந்து போகிறது.

தவத்துக்குக் காட்டினேன். சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்தார். பிசைவது நின்றது.

"விடப்பா. எங்களைத் தெரிஞ்ச சனத்துக்குத் தெரியும் பிள்ளை சுகமெண்டு."

தெரியாத சனம்தானே பார்க்கிறது என்றேன். நம்பரை மாத்து என்று பழைய கதை. மாற்றலாம். பள்ளிக்கூடம், வங்கி, கிளினிக், கிராம அலுவலர் ஜி.எஸ்.இன் பட்டியல், எல்லாம் அந்த இலக்கத்தில் தொங்குகிறது. ஒவ்வொன்றாய்ப் போய் மாற்ற ஒரு மாதம் வேண்டும். அதற்குள் எந்தப் பட்டியலிலாவது பெயர் விடுபட்டால்?

மாமிக்கு வேறு கவலை. வீடியோவை எடுத்துவிடச் சொல்லப் போகிறேன் என்றதும் விளக்குமாற்றை வைத்துவிட்டு வந்தார்.

"குடிக்கிற தண்ணி பிள்ளை. முகத்தைக் காட்டினதால என்ன, தேய்ஞ்சா போச்சு?"

அந்த வீடியோவில் மாமியும் இருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு அவருடைய சின்னண்ணையின் மகள் லண்டனிலிருந்து போன் எடுத்து, மாமியின் சேலை நல்ல வடிவு என்று சொன்னவளாம். அது இன்னும் ஊருக்கெல்லாம் சொல்லப்படுகிறது. எடுத்தால் சேலையும் போய்விடும்.

மத்தியானம் சுரேனுக்குப் போன் எடுத்தேன். மூன்றாம் முறைதான் கிடைத்தான். இப்போது ஒரு வான் வண்டியும் இரண்டு கமராவுமாம். மறக்கவில்லை, அக்கா என்றே கதைத்தான். பொய்ப் பதிவைப் பற்றிச் சொன்னதும் உண்மையாகவே வருத்தப்பட்டான். அவனுடைய வீடியோக்களை வெட்டி எத்தனை பேர் இப்படிப் போடுகிறார்கள், முறைப்பாடு செய்து களைத்துவிட்டானாம்.

அப்ப மூல வீடியோவை எடுத்துவிடுங்கோ தம்பி என்றேன்.

கிணறு தந்தவர்கள் என்ன நினைப்பார்கள், இப்போது அழித்தால், பொய் சொல்லிக் காசு சேர்த்தது நாங்கள்தான் என்றல்லவா சொல்வார்கள் என்றான். அது சரியாகவும் பட்டது. அதுதான் கரைச்சல். அவன் சொல்கிற எல்லாம் சரியாகவே படும்.

"நான் சனிக்கிழமை வாறன். பிள்ளை பள்ளிக்கூடம் போறதை, ஓடி விளையாடுறதை ஒரு வீடியோ எடுப்பம். அதைப் பாத்தாப் பொய்க்காரன்ர வாய் மூடும்."

தவத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தவம் ஓம் என்றார். மாமி அதற்கு முன்பே ஓம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. களைப்பு. சரி என்று எடுத்துக்கொண்டார்கள்.

பெப். 12, வியாழன்

பட்டன் தைத்தாச்சு. நீல நூல்தான் இருந்தது. பரவாயில்லை, டைக்குக் கீழே.

வகுப்பு அம்மாமாரின் வட்ஸ்அப் குழுவில் அந்தப் பதிவு வந்துவிட்டது. டிலான் என்ற பிள்ளையின் அம்மா போட்டிருக்கிறார். "இது எங்கட வர்ணிகாவின் அம்மாதானே? ஒருத்தருக்கும் சொல்லாமல் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறா. நாங்களும் ஏதும் செய்வம்." கீழே அழுகிற முகங்கள் வரிசையாய்.

பொய் என்று எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். பழைய படம், பிள்ளை நல்ல சுகம், யாரும் உதவி அனுப்ப வேண்டாம், மற்றவர்களுக்கு அனுப்பவும் வேண்டாம். அவர் உடனே எடுத்துவிட்டு, மன்னியுங்கோ என்று தனியாக எழுதினார். நல்ல மனிசிதான். எல்லாரும் நல்ல மனிசர். நல்ல மனதோடுதான் எல்லாரும் பகிர்கிறார்கள்.

ஆனால் நேற்றே பார்த்திருக்கிறார், தன் பிள்ளைக்கு முன்னால் சொல்லியும் இருக்கிறார்.

பள்ளிக்கூடத்தால் வந்த வர்ணி சட்டையைக் கழற்றாமல், நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் நின்றாள். நெஞ்சில் விரலை வைத்து வைத்துப் பார்த்தாள், இங்கே, அங்கே, எதையோ தேடுகிறமாதிரி.

"அம்மா, ஓட்டை எந்த இடத்தில?"

எந்த ஓட்டை என்று கேட்டேன்.

"டிலான் சொன்னவன், எனக்கு நெஞ்சில ஓட்டையாம். நான் ஓடக்கூடாதாம். ஓடினா மூச்சு நிண்டு போகுமாம். இண்டைக்கு ஒளிச்சுப் பிடிச்சு விளையாட்டில என்னைச் சேக்கேல்லை. மரத்தடியில இருத்திவிட்டவங்கள்."

இடைவேளை முழுக்க இருந்திருக்கிறாள். எழும்பாமல். பயந்து.

ஓட்டை இல்லை, அது பொய் என்றேன். சட்டையைத் தூக்கிப் பார்த்தோம், இரண்டு பேரும். பிறகும் முற்றத்தில் மெல்ல மெல்லத்தான் நடந்தாள். கோழிக்குப் பின்னால் ஓடவில்லை.

தவம் வந்ததும் சொன்னேன். மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வேலிவரைக்கும் போய் வந்தார். நொண்டி நொண்டி. சனிக்கிழமை வீடியோவை வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

பெப். 13, வெள்ளி

மாமி கிளினிக். (கொப்பி அலுமாரிக்கு மேலே, பழைய கலண்டருக்குள்.) வீட்டில் நான் மட்டும்.

சுரேனின் வீடியோவை அகற்றும்படி யூடியூபுக்கு நேரே முறையிடலாம் என்று கண்டுபிடித்தேன். எடுத்தவர் சம்மதிக்காவிட்டாலும் அவர்கள் பார்ப்பார்களாம். ஒரு படிவம். எந்த நிமிடத்தில் என் முகம், எந்த நிமிடத்தில் பெயர், எந்த நிமிடத்தில் மற்ற விபரம் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். அப்படியென்றால் பார்க்க வேண்டும்.

கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். கொப்பியில் குறித்தது:

0.00 எங்கள் ஒழுங்கை. சந்திக் கடையின் பெயர்ப்பலகை வாசிக்கலாம்.
0.35 வேலி, படலை. யாரும் வந்து கண்டுபிடிக்கலாம்.
0.50 என் முகம்.
1.10 வர்ணியின் முகம், மிகக் கிட்ட. கொட்டாவி விடுகிறாள்.
1.40 மாமி, சேலையோடு.
2.05 என் முழுப்பெயர்.
2.10 தவத்தின் முழுப்பெயர், வயது.
2.20 வர்ணியின் முழுப்பெயர், பிறந்த திகதி, பிறந்த ஆஸ்பத்திரி.
2.40 ஜி.எஸ். பிரிவு.
2.50 என் போன் இலக்கம். இரண்டு தரம். இரண்டாம் தரம் மெதுவாக, எழுதிக்கொள்ளட்டும் என்று. கனடா மனிசிக்கும் இங்கிருந்துதான் கிடைத்திருக்கும்.
3.05 அடையாள அட்டை.

3.05இல் நிறுத்திவிட்டேன். திரும்பப் போட்டேன். திரும்பவும்.

இத்தனை நாளும் சுரேன்தான் கேட்டுக் கேட்டு வாங்கினான் என்று நினைத்திருந்தேன். எவரும் கேட்டால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அதில் அவன் கேட்பது ஒன்றே ஒன்று. "சொல்லுங்கோ அக்கா, என்ன பிரச்சினை?"

அவ்வளவுதான். அதற்கு நான் சொல்கிறேன், மூச்சு விடாமல், பள்ளிப் பிள்ளை பாட்டு ஒப்புவிக்கிற மாதிரி: "தவசீலன் கௌசல்யா. குடும்பத்தில நாலு பேர். கணவர், நான், மாமி, பிள்ளை. பிள்ளை வர்ணிகா." திகதி, பிரிவு, இலக்கம். பிறகு யாரும் கேட்காமல் பேர்ஸைத் திறந்து அடையாள அட்டையை எடுத்துக் கமராவுக்கு நேரே பிடிக்கிறேன். சுரேன், வேண்டாம் அக்கா, அது தேவையில்லை என்று சொல்வதும் கேட்கிறது. நான் பிடித்துக்கொண்டே இருக்கிறேன்.

பிரச்சினைக்கு வந்தது 3.20இல்.

அம்மாவின் குரல் அது. போர் முடிந்து முகாமில் இருந்தபோது எனக்குப் பதினொரு வயது. யாராவது கையில் தாளோடு வந்தால் அம்மா இப்படித்தான் சொல்வார், தாளை நீட்டும் முன்பே. பெயர், எத்தனை பேர், அட்டை இலக்கம். ஒன்றை விட்டால் பெயர் விடுபடும். விடுபட்டால் தறப்பாள் இல்லை, பால்மா இல்லை. அதற்குப் பிறகு வீட்டுத்திட்டம், ஆட்டுக்குட்டி, விதைநெல், தென்னங்கன்று, வெள்ள நிவாரணம். எத்தனை தாள், எத்தனை பேர், எத்தனை படத்துக்கு நின்றோம். தருகிறவர் ஒரு பக்கம், வாங்குகிறவர் ஒரு பக்கம், நடுவில் பொதி. விடுபடுவதற்குத்தான் பயந்து வளர்ந்தோம். எல்லார் கையிலும் அகப்படுவது என்று ஒன்று இருப்பது தெரியாது.

யாரைக் குற்றம் சொல்ல?

பிற்பகல் செய்தவை: கடவுச்சொற்கள் மாற்றினேன். எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் இருந்தது, வர்ணியின் பெயரும் பிறந்த வருடமும். 2.20இல் உலகத்துக்கே சொல்லியிருக்கிறேன். இனி ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு. இரண்டாவது பூட்டும் போட்டாச்சு, உள்ளே போக ஒவ்வொரு முறையும் ஒரு இலக்கம் வரும். முகப்புப் படத்தில் வர்ணியை எடுத்துவிட்டு செவ்வரத்தம் பூ. பழைய பிறந்தநாள் படங்கள் எல்லாம் எனக்கு மட்டும். ஒவ்வொன்றாய் மாற்ற ஒன்றரை மணித்தியாலம். கேக்கில் மெழுகுதிரி ஒன்று, இரண்டு, மூன்று.

சோறு அடிப்பிடித்துவிட்டது. மாமி மணந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அது அதிசயம்.

பெப். 14, சனி

சுரேன் பத்து மணிக்கு வந்தான். பருத்துவிட்டான். நல்ல சேர்ட். வர்ணிக்கு இளஞ்சிவப்புப் புத்தகப்பை, உள்ளே கொப்பி, நிறப்பென்சில். மாமி தேத்தண்ணிக்கு ஏலக்காய் போட்டார். மற்ற ஆட்களுக்குப் போடுவதில்லை. கட்டியிருந்தது அந்தச் சேலை.

சனிக்கிழமையில் வர்ணிக்குப் பள்ளிச் சட்டை. மாமியின் ஏற்பாடு.

கிணற்றடியில் வெளிச்சம் நல்லது என்று அங்கே நிறுத்தினான். காலரில் சின்ன மைக் குத்தினான். வர்ணி அதைக் குனிந்து குனிந்து பார்த்தாள். தவம் வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு. நான் குசினி வாசலில், கையில் உலர்ந்த துணி. இவ்வளவும் நடக்க விட்டேன். எழுதவே வெட்கம்.

சுரேன் கமராவை வைத்துவிட்டுச் சிரித்தான்.

"தங்கச்சிக்கு என்ன பேர்?"

வர்ணி நிமிர்ந்தாள். கைகளை உடம்போடு ஒட்டினாள். "என்ர பேர் தவசீலன் வர்ணிகா. எனக்கு ஆறு வயசு. தரம் ஒண்டு பி. அப்பா தவசீலன். அம்மா கௌசல்யா." பிறகு பள்ளிக்கூடம், ஊர், ஒழுங்கை. பிறகு என் போன் இலக்கம், ஒவ்வொரு எண்ணாக, பிழையில்லாமல்.

நான்தான் பழக்கினேன். பள்ளிக்கூடம் தொடங்க முந்தி, ஒரு மாதம், குளிக்க வார்க்கும்போதெல்லாம். பஸ்ஸில் தொலைந்தால், சந்தையில் தொலைந்தால் சொல்வதற்கு.

சுரேனுக்கு நல்ல சந்தோசம். என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா மாதிரியே. கெட்டிக்காரி."

துணி கையிலிருந்து விழுந்தது மட்டும் தெரியும். போய் வர்ணியின் முன்னால் நின்றேன், கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"காணும் தம்பி. நிப்பாட்டுங்கோ."

மாமி என்ன பிள்ளை என்றார். சுரேன் திரும்ப எடுப்போம், இலக்கத்தை வெட்டிவிடுகிறேன் என்றான். கோபமில்லாமல்தான். வெட்டுவது அவனுக்குச் சின்ன வேலை. வேண்டாம் என்றேன். இதையும் அழியுங்கோ, பழையதையும் எடுத்துவிடுங்கோ.

"உங்களுக்கு நல்லது செய்யத்தானே அக்கா வந்தனான். இந்தக் கிணத்தைப் பாருங்கோ."

"கிணத்தை எடுங்கோ தம்பி. எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்கோ. தந்த ஆக்களுக்குக் காட்டுங்கோ, தண்ணி வற்றேல்லை எண்டு சொல்லுங்கோ. பிள்ளையை விடுங்கோ."

அவன் கிணற்றைப் பார்த்தான். களைத்த சிரிப்பு ஒன்று.

"கிணறு அழாது அக்கா. ஆர் பாப்பினம்?"

சொன்ன பிறகு தன் சொல்லைத் தானே கேட்ட மாதிரி நின்றான். இன்றைய பதிவை எனக்கு முன்னாலேயே அழித்தான். பழையதைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னான். அவனுடைய சனலில் அதிகம் பேர் பார்த்ததே அதுதானாம். அதற்குப் பிறகுதான் மற்ற வீடுகளுக்கும் உதவி வந்ததாம், பதினொரு கிணறு. பொய்யில்லை. அக்கராயன் பக்கம் இரண்டு எனக்கே தெரியும்.

தேத்தண்ணியைக் குடிக்காமல் போனான். புத்தகப்பையை வைத்துவிட்டே போனான். மாமி நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. சேலையை மடித்து மடித்து வைத்தார்.

பின்னேரம் தவம் வந்து பக்கத்தில் இருந்தார். காலை நீவிக்கொண்டு சொன்னார், அந்த வீடியோவால் ஆலையில் தனக்குப் பட்டப்பெயர் இருக்கிறதாம். ஐந்து வருடமாய். சொன்னால் நான் கவலைப்படுவேன் என்று சொல்லவில்லையாம். என்ன பட்டப்பெயர் என்று கேட்டேன். சொல்லவில்லை.

பெப். 15, ஞாயிறு

சிவராத்திரி. மாமி விரதம், அதனால் இன்றைய மௌனத்துக்குக் காரணம் கேட்கத் தேவையில்லை.

படிவத்தை நிரப்பினேன். ஆங்கிலம். சொற்கள் தெரியும், அர்த்தம் கலங்கும். முழுப்பெயர், மின்னஞ்சல், இந்தக் காணொளியில் இருப்பவர் நீங்கள்தானா, பிள்ளைக்கு நீங்கள் யார். என்னை எடுத்துவிடு என்று கேட்பதற்கும் நான் யாரென்று திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நின்று, இது தேவையா என்று பார்த்து நிரப்பினேன். போன் இலக்கம் கட்டாயமில்லை என்று சின்ன எழுத்தில் இருந்தது. வெறுமையாக விட்டேன். விடக் கை கூசியது, விடுபட்டுவிடுமோ என்று.

வீடியோவைப் போட்டவருக்கு அதை அகற்ற இரண்டு நாள் தவணை கொடுப்பார்களாம். தவம் பக்கத்தில் இருந்து பார்த்தார். அனுப்பு என்ற இடத்தை அவரே அழுத்தினார்.

வர்ணிக்குப் புதிதாய்ப் பழக்கத் தொடங்கினேன். ஆராவது பேர் கேட்டால்?

"வர்ணி."

பிறகு?

"பிறகு சொல்லமாட்டன்."

தொலைந்துபோனால்? அவள் யோசித்தாள். நானும் யோசித்தேன். பொலிஸுக்குச் சொல்லலாம், டீச்சருக்குச் சொல்லலாம், சீருடை போட்டவருக்கு... எந்தச் சீருடை? குழப்பிவிட்டேன். நாளைக்குப் பார்ப்போம் என்று குளிக்க வார்த்துவிட்டேன்.

இன்னும் ஓடவில்லை அவள்.

பெப். 16, திங்கள்

பனி குறைவு. முருங்கை பூத்திருக்கிறது.

வகுப்பு டீச்சரிடம் போய்ச் சொன்னேன், பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஓட விடுங்கோ. வர்ணியின் கிளினிக் கொப்பியும் கொண்டு போனேன். காட்டக் கையில் எடுத்துவிட்டு, பிறகு பையிலேயே வைத்தேன். அவர் கேட்கவில்லை. என் வார்த்தை போதும் என்று விட்டார்.

டிலானின் அம்மா வாசலில் காத்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கை ஈரம், மீன் கழுவிய மணம். மகனுக்கு ஏச்சு விழுந்ததாம். ஏசாதேங்கோ என்றேன். அவன் என் பிள்ளை செத்துவிடக்கூடாது என்றுதானே மரத்தடியில் இருத்தினான்.

பொய்ப் பதிவு பற்றிப் பதில் வந்தது. விதி மீறப்பட்டதாகத் தெரியவில்லையாம். திரும்ப முறையிட்டேன். தவத்தின் போனால் ஒன்று. டிலானின் அம்மா ஒன்று. குழுவில் இருக்கிற அம்மாமார் ஆளுக்கொன்று செய்கிறார்களாம். பகிர்ந்த கையாலேயே.

பெப். 17, செவ்வாய்

காலை ஒன்பதுக்குப் பார்த்தேன். கறுப்புக் கட்டம். பதிவேற்றியவரால் அகற்றப்பட்டது.

சுரேன் எடுத்துவிட்டான். போன் பண்ணவில்லை, செய்தியும் இல்லை. நன்றி என்று எழுதினேன். இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை.

சந்தோசம் வரும் என்று நினைத்தேன். அரிசி களைந்தேன். மாமிக்குச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, அப்ப சேலையும் போச்சுது என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு. எனக்கும். மூன்று நாளைக்குப் பிறகு.

வெட்டி எடுத்தவர்களிடம் துண்டுகள் இருக்கும். தெரியும். எங்கேயோ ஒரு போனில் வர்ணி இன்னும் ஏழு மாதமாய்க் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள்.

பொய்ப் பதிவும் இன்னும் அங்கேயே.

பெப். 18, புதன்

பின்னேரம் ஆறரை. அந்தக் கனடா இலக்கம்.

பார்த்துக்கொண்டு இருந்தேன். மணி அடித்து நின்றது. திரும்ப அடித்தது. எடுத்தேன்.

"மகள், நான் கரைச்சல் குடுக்க எடுக்கேல்லை. காசைப் பற்றியும் இல்லை, அது ஆரோ கள்ளன் எண்டு இப்ப விளங்கீட்டுது. வெள்ளிக்கிழமையில கோயில்ல அந்தப் பிள்ளைக்கு விளக்கு வைக்கிறனான். வைக்கிறதோ விடுறதோ எண்டு தெரியேல்லை. பிள்ளை இருக்கிதோ?"

இருக்கிறாள் அம்மா என்றேன். ஓட்டை ஒன்றும் இல்லை, ஒருநாளும் இருக்கவில்லை. ஆறு வயது என்று சொல்ல வாய் எடுத்து, சொல்லவில்லை.

அவர் அழுவது கேட்டது. அடக்கிய அழுகை. பிறகு, ஒருக்கா வீடியோவில் பிள்ளையைக் காட்டுவீங்களோ, ஒரு நிமிசம், கண்ணால் கண்டால் போதும் என்று கேட்டார். நல்ல மனிசி. நல்ல மனிசி என்றுதான் நினைக்கிறேன். தெரியாது.

"முகம் காட்டமாட்டன் அம்மா. குறை நினைக்காதேங்கோ."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

அப்போது கிணற்றடியில் மாமியின் சத்தம், தொபுக்கென்று ஒரு சத்தம், பிறகு செருப்பில்லாத காலடி, தடதடவென்று, முற்றம் முழுக்கக் கடந்து வந்து குசினி வாசலில் நின்று, "அம்மா, வாளி விழுந்திட்டுது, நானில்லை, அப்பம்மாதான்" என்று, ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு.

மனோன்மணி அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்கு இப்பிடி மூச்சு வாங்குதே, மகள்."

"ஓடி வந்தவள், அம்மா."

தவம் கயிற்றில் கொளுக்கி கட்டிக்கொண்டிருக்கிறார். வாளி இன்னும் வரவில்லை.